அத்தியாயம் 11: ஊரில் விழா, தெருவில் போராட்டம்

நீங்கள் வேலை பார்க்கும் வெளிநாட்டு ஊருக்கு ஒரு பெரிய விளையாட்டு விழா வருகிறது என்றால் முதலில் வருவது சந்தோஷம்தான். சாலைக்குப் புதுத் தார் விழும், கம்பத்துக்குக் கம்பம் கொடி ஏறும், கம்பெனியில் இலவச டிக்கெட் பேச்சு அடிபடும். அதற்கடுத்து வருவது தூதரகத்தின் சுற்றறிக்கை. நாலு வரிதான் இருக்கும். இன்ன தேதியில் இன்ன பகுதியில் ஆர்ப்பாட்டம் நடக்கலாம், கூட்டத்தைத் தவிர்க்கவும், அடையாள அட்டையைக் கையோடு வைத்திருக்கவும், உள்ளூர்ச் செய்தியைக் கவனிக்கவும். நம்மில் பலர் அதை வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடுவதோடு மறந்துவிடுகிறோம். அந்த நாலு வரியை நடைமுறையில் எப்படிக் கடைப்பிடிப்பது என்று விரித்துச் சொல்வதே இந்த அத்தியாயம்.

விழா நாளில் போராட்டம் வருவதற்குக் காரணம் எளிது. தேதியும் மணியும் பல மாதம் முன்பே தெரிந்துவிடும். நாட்டுத் தலைவர்கள் ஒரே மேடையில் இருப்பார்கள். உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் ஊரில் வந்து இறங்கியிருக்கும். வருடக்கணக்கில் முறையிட்டும் யார் காதிலும் விழாத ஒரு குறை, அன்று ஒரு மணி நேரத்தில் உலகம் முழுக்கக் கேட்டுவிடும். அரசுக்கும் இது தெரியும். அதனால்தான் விழா நெருங்க நெருங்க அதன் கை கடுமையாகிறது. 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக் தொடங்கியது அக்டோபர் 12. மாணவர்கள் கூடியிருந்த த்லதெலோல்கோ சதுக்கத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது அக்டோபர் 2. நடுவில் பத்தே நாள்.

போராடுபவர்களை வம்புக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டேடியத்துக்காக வீட்டை இழந்தவர்கள், பஸ் கட்டணம் கட்டி மாளாதவர்கள், சொந்த நாட்டை இழந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்று உங்கள் மனசும் சொல்லலாம். ஆனால் உங்கள் நிலைமை வேறு. அந்த ஊர்க்காரர் கைதானால், வெளியே வந்ததும் அதே ஊரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போவார். நீங்கள் கைதானால், உங்களை அனுப்பிவைக்கும் வீடு மானாமதுரையிலோ மட்டக்களப்பிலோ இருக்கும். வாங்கிய கடன், ஏஜெண்டுக்குக் கட்டிய பணம், தங்கையின் கல்யாணம் எல்லாம் அந்த ஒரு சாயங்காலத்தில் நின்றுபோகும். கல்லடியையும் கண்ணீர்ப்புகையையும்விட, கூட்டத்தில் ஒருவராக நீங்கள் எண்ணப்பட்டுவிடுவதுதான் பர்மிட்டில் வாழ்பவருக்குப் பெரிய ஆபத்து. இந்த அத்தியாயம் முழுவதும் அதைச் சுற்றியே போகும்.

2008-ல் ஜோதி போன வழி

இந்த விஷயத்தில் தூதரகங்களுக்கும் போலீசுக்கும் பெரிய பாடம் 2008-ல் கிடைத்தது. பெய்ஜிங் ஒலிம்பிக் ஜோதியைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோனார்கள். அந்த மார்ச் மாதம்தான் திபெத்தில் கலவரமும் அடக்குமுறையும் நடந்திருந்தன. மார்ச் 24 அன்று கிரீஸின் ஒலிம்பியாவில் ஜோதி ஏற்றும் சடங்கிலேயே எதிர்ப்பாளர்கள் உள்ளே புகுந்தார்கள். ஏப்ரல் 6 லண்டனில் ஜோதியைப் பிடுங்கப் பார்த்தார்கள், தீயணைப்புக் கருவியால் அணைக்கப் பார்த்தார்கள்; 37 பேர் கைது. மறுநாள் பாரிஸில் ஜோதி பலமுறை அணைந்து, கடைசியில் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

இங்கே கற்க வேண்டியது சான்பிரான்சிஸ்கோவில் நடந்தது. ஏப்ரல் 9 அன்று கடலோர எம்பார்கடெரோ சாலையில் ஜோதி வரும் என்று அறிவித்து, ஆயிரக்கணக்கானோர் இரு தரப்பிலும் அங்கே குவிந்திருந்தார்கள். ஜோதி ஏற்றப்பட்டது, ஓட்டக்காரர் நேரே ஒரு கிடங்குக்குள் போனார். அதன்பின் அந்தப் பக்கம் ஜோதி வரவே இல்லை. ஊரின் வேறொரு பகுதியில், வான் நெஸ் அவென்யூவில், அது திடீரென்று தோன்றி ஓடியது. நிறைவு விழா விமான நிலையத்தில் முடிந்தது. கூட்டம் இல்லாத தெரு என்று நம்பி வான் நெஸ் பக்கம் வண்டியைத் திருப்பியிருந்தால் நீங்கள் நடுவில் மாட்டியிருப்பீர்கள்.

ஆகவே பேப்பரில் வந்த வழித்தட வரைபடத்தை வைத்து உங்கள் நாளைத் திட்டமிடாதீர்கள். அது மாறும், மாற்றியதை முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார்கள். விழா மையம், வழித்தடம், முக்கியத் தூதரகங்கள், விமான நிலையச் சாலை ஆகிய நான்கையும் அன்று முழு நாளும் மறந்துவிடுவதுதான் சரி. டெல்லியில் அதே ஏப்ரல் 17 அன்று ஜோதி ஓடியது ராஜபாதையில் ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்காகப் பல்லாயிரம் போலீஸ் நிறுத்தப்பட்டு, நகரின் நடுப்பகுதியே அடைபட்டது. ஓட்டம் சின்னதாக இருப்பதால் இடைஞ்சலும் சின்னதாக இருக்கும் என்று கணக்குப் போடக்கூடாது.

உலகம் சுற்றும் ஜோதி ஓட்டம் இப்போது இல்லை. 2009-ல் பன்னாட்டு ஒலிம்பிக் கமிட்டி அதை நிறுத்தி, கிரீஸிலும் போட்டி நடத்தும் நாட்டிலும் மட்டும் என்று ஆக்கிவிட்டது. ஆனால் தொடக்க விழாக்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. உலகக் கோப்பை, ஆசிய விளையாட்டு, காமன்வெல்த், கார் பந்தயம் என்று நம்மவர்கள் வேலை செய்யும் ஊர்களில்தான் அவற்றில் பல நடக்கின்றன.

கோலாலம்பூரும் சியோலும்

அந்த 2008 ஜோதி ஓட்டத்தில் வெளிநாட்டவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு ஊர்களில் நடந்தன.

ஏப்ரல் 21, கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கம். நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் கூடும் மஸ்ஜித் இந்தியாவிலிருந்து நடந்து போகிற தூரம். ஜப்பானியக் குடும்பம் ஒன்று, கூடவே ஒரு சிறுவன், திபெத்தியக் கொடியை எடுத்து விரித்தது. பக்கத்தில் சிவப்புக் கொடிகளோடு நின்ற சீன ஆதரவாளர்கள் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். உற்சாகத்துக்காகக் கொடுத்திருந்த காற்றடைத்த பிளாஸ்டிக் குழல்களாலேயே அடித்தார்கள். போலீஸ் வந்தது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது அடித்தவர்களை அல்ல, அந்தக் குடும்பத்தை. பிறகு விட்டுவிட்டார்கள் என்றாலும், கூட்டத்தில் சிக்கிய வெளிநாட்டவர் விஷயத்தில் போலீஸ் வழக்கமாகச் செய்வது இதுதான். யார் பக்கம் நியாயம் என்று அந்த நேரத்தில் அவர்கள் விசாரிக்க மாட்டார்கள். கூட்டத்தில் தனித்துத் தெரிகிறவரை அகற்றினால் சத்தம் அடங்கும், அதைத்தான் செய்வார்கள். நாமும் அந்த ஊர்களில் நிறத்தால், பேச்சால் தனித்துத் தெரிகிறவர்கள்தான்.

ஆறு நாள் கழித்து சியோல். அங்கே படித்துக்கொண்டிருந்த சீன மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் நாட்டு ஜோதியைக் காக்க வந்தார்கள். அதில் தவறில்லை, வீட்டை விட்டுத் தூரத்தில் இருப்பவருக்கு நாட்டின் மேல் பாசம் கூடத்தான் செய்யும். ஆனால் எதிரில் திபெத்துக்காகவும் வடகொரிய அகதிகளுக்காகவும் கோஷம் போட்டவர்களைப் பார்த்ததும் கல்லும் பாட்டிலும் பறந்தன. நகர மன்றத்தின் அருகே ஒரு ஹோட்டல் லாபிக்குள் ஆட்களைத் துரத்திப் போய் அடித்தார்கள். அத்தனையும் கேமராவில் பதிவானது. மறுநாளே கொரியாவில் கோபம் கிளம்பியது. அரசு சட்ட நடவடிக்கை என்று அறிவித்தது, சீன மாணவர்களுக்கு விசா கெடுபிடி பற்றிப் பேச்சு எழுந்தது. அடிக்காத மாணவனும் அந்தப் பேச்சில் சேர்ந்துவிட்டான்.

இதை நாம் நன்றாக யோசிக்க வேண்டும். வெளிநாட்டவர் எப்போதும் வேடிக்கை பார்க்கிறவர் மட்டும் இல்லை. நம் நாட்டு அணி விளையாடும்போது, நம் நாட்டுத் தலைவர் வரும்போது, நம்மவர் படும் துன்பத்துக்காக யாரோ கொடி பிடிக்கும்போது நாமே ஒரு தரப்பு ஆகிவிடுகிறோம். இலங்கைத் தமிழர் பலருக்கு இது கேள்விப்பட்ட கதை இல்லை. அவர்களே வாழ்ந்த கதை. பிரிட்டனிலும் கனடாவிலும் அமைதியாகப் பேரணி போக அனுமதி உண்டு. அங்கே நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர் தம் மனசாட்சிப்படி நடந்துகொள்ளலாம். வேறு பல நாடுகளில் அந்தக் கதவே கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது

நம் கண்ணுக்கு ஆர்ப்பாட்டம் சாதாரணம். தமிழ்நாட்டில் சாலை மறியலில் கைதானவரைக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, சாப்பாடு போட்டு, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். அதே நினைப்போடு வெளிநாட்டில் நடந்துகொண்டால் கெட்டோம்.

சிங்கப்பூரில் பேச்சு மேடைக்கென்று ஒதுக்கியிருக்கும் ஹாங் லிம் பூங்காவில்கூட, 2016-க்குப் பிறகு வெளிநாட்டவர் கூட்டத்தில் கலந்துகொள்ள முடியாது. ஓரமாக நின்று பார்ப்பதும் கலந்துகொண்டதாகத்தான் எண்ணப்படும். குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ளவருக்குத்தான் அந்தப் புல்வெளி. மலேசியாவின் 2012-ம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டம், கூடும் உரிமை குடிமக்கள் அல்லாதவருக்கு இல்லை என்று நேராகவே சொல்கிறது.

வளைகுடாவில் நிலைமை இன்னும் இறுக்கம். 2022 ஜூனில் குவைத்தின் ஃபஹாஹீல் பகுதியில் தொழுகை முடிந்து கோஷம் போட்ட வெளிநாட்டவரை நாடு கடத்தப்போவதாக அரசு அறிவித்தது. அங்கே வெளிநாட்டவர் ஆர்ப்பாட்டம் செய்வதே குற்றம். எதற்காகச் செய்தீர்கள் என்ற கேள்விக்கு இடமில்லை. 2024 ஜூலையில் பங்களாதேசத் தொழிலாளர்கள் ஐக்கிய அரபு அமீரகத்தில் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் எதிர்த்தது அமீரகத்தை அல்ல, தங்கள் சொந்த நாட்டு அரசை. சில நாட்களுக்குள் வழக்கு முடிந்து 57 பேருக்குத் தண்டனை. 53 பேருக்குப் பத்து வருடம், ஒருவருக்குப் பதினொன்று, மூவருக்கு ஆயுள். டாக்காவில் ஆட்சி மாறி, புதிய அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் செப்டம்பரில் மன்னிப்பு கிடைத்தது. மன்னிப்பு கிடைத்தவர்களும் வேலைக்குத் திரும்பவில்லை, ஊருக்குத்தான் திரும்பினார்கள்.

கத்தாரில் 2022 உலகக் கோப்பைக்கு மூன்று மாதம் இருக்கும்போது, ஆகஸ்ட் 14 அன்று, பல மாதச் சம்பளம் வராத தொழிலாளர்கள் தோஹாவில் கம்பெனி வாசலில் சாலையை மறித்தார்கள். குறைந்தது 60 பேர் பிடிபட்டார்கள், சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். உழைத்த கூலியைக் கேட்டவர்கள் அவர்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. உங்களுக்கும் வர வேண்டும். ஆனால் உங்கள் சம்பளம் பாக்கி என்றால், விழா நெருங்குகிறது, இப்போது கேட்டால் உலகம் பார்க்கும் என்ற எண்ணத்தில் சாலைக்குப் போய்விடாதீர்கள். தொழிலாளர் துறையில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியர் என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் பதியுங்கள். பத்திரிகையாளர்களிலும் தொழிலாளர் உரிமை அமைப்புகளிலும் உங்களுக்காகப் பேச வல்லவர்கள் இருக்கிறார்கள். பெயர் வெளியிடாமல் பேசச் சொல்லுங்கள். மெதுவான வழிதான். ஆனாலும் அந்த வழியில் போனால் நீங்கள் அந்த நாட்டில் இருந்துகொண்டே பாக்கியைக் கேட்கலாம்.

போனையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்ப்பாட்டத்தைப் படம் எடுப்பது, நேரலை விடுவது, யாரோ அனுப்பிய வீடியோவை ஊர்க் குழுவுக்குத் தள்ளிவிடுவது ஆகியவை வளைகுடா நாடுகளில் வதந்தி பரப்பிய குற்றமாகலாம். அமீரக வழக்கிலும் ஆர்ப்பாட்டத்தைப் படம் பிடித்துப் பரப்பியது குற்றச்சாட்டில் இருந்தது. ஜன்னலிலிருந்து எடுத்த படமானாலும் அனுப்பாதீர்கள். உங்கள் அறையில் இளவட்டம் யாராவது இருந்தால், அவன் போனைப் பிடுங்க வேண்டாம்; பக்கத்தில் உட்காரவைத்து இந்த 57 பேர் கதையைச் சொல்லுங்கள்.

வேறு யாராகவோ நினைக்கப்படுவது

கூட்டத்துக்கே போகாமலும் சிக்கல் வரலாம் என்பதற்கு பஹ்ரைன் உதாரணம். 2011 பிப்ரவரியில் முத்துச் சதுக்கத்தில் எழுச்சி தொடங்கியதும் மார்ச்சில் நடக்கவிருந்த ஃபார்முலா ஒன் கார் பந்தயம் கைவிடப்பட்டது. 2012 ஏப்ரல் 22 அன்று எதிர்ப்புகளுக்கு நடுவே பந்தயம் நடந்தது. அதற்குச் சில நாள் முன்னால் பந்தயத் திடலிலிருந்து மனாமாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஃபோர்ஸ் இந்தியா அணி ஊழியர்களின் கார், போலீசுக்கும் இளைஞர்களுக்கும் நடந்த மோதலில் மாட்டி, பெட்ரோல் குண்டு பக்கத்தில் விழுந்தது. யாரும் அவர்களைக் குறிவைக்கவில்லை. நெடுஞ்சாலையில் அந்த நேரத்தில் அவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

நம்மவர்களுக்கு இதைவிட நெருக்கமான விஷயம் ஒன்று உண்டு. பஹ்ரைன் பாதுகாப்புப் படையில் பாகிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் உண்டு. அந்தக் கோபம் தெருவில் போகும் தெற்காசியத் தொழிலாளி மேல் திரும்பியது. 2011 நவம்பரில் வெளியான சுயேச்சை விசாரணைக் குழுவின் அறிக்கை, தெற்காசியர் தாக்கப்பட்டதைத் தனியாகவே பதிவு செய்திருக்கிறது. எனவே பதற்றமான நாட்களில் சீருடை மாதிரித் தெரியும் உடை வேண்டாம். காக்கிச் சட்டை, செக்யூரிட்டி கம்பெனியின் தொப்பி, பட்டாளத்துப் புள்ளி போட்ட பேண்ட் எதுவும் வேண்டாம். ஏதாவது ஒரு தரப்பின் நிறமும் வேண்டாம். காவலாளி வேலை செய்பவர்கள் சீருடையைப் பையில் கொண்டுபோய் வேலையிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலான மேலாளர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

தெருவில் அனாதையாகக் கிடக்கும் எந்தப் பொருளையும் தொடாதீர்கள், காலால் தட்டாதீர்கள். 2012 நவம்பர் 5 அன்று மனாமாவில் கையால் செய்த குண்டுகள் வெடித்து ஆசியத் தொழிலாளர் இருவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தியர். ஒரு குண்டு வெடித்தது, அது என்னவென்று தெரியாமல் காலால் உதைத்தபோது.

முந்தைய வாரம் செய்து வைக்க வேண்டியவை

முதலில் ஆவணம். வெளியே போகும்போது குடியிருப்பு அட்டையின் அசல் கையில் இருக்கட்டும்; அது இக்காமாவோ சிபிஆரோ பாஸோ, எதுவானாலும். பாஸ்போர்ட் அசல் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். அதன் முதல் பக்கம், விசாப் பக்கம் இரண்டின் நகலைப் பையில் வையுங்கள். படமாக எடுத்து ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்திருந்தால் திருப்பிக் கேட்க இது நல்ல நேரம். கத்தாரிலும் அமீரகத்திலும் அதைப் பிடித்து வைப்பது சட்டப்படி தவறு. சண்டை போடாமல், தூதரகச் சுற்றறிக்கையைக் காட்டி, விழா வாரத்தில் அடையாள ஆவணம் கையில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டுப்பாருங்கள். பர்மிட் முடியும் தேதியையும் பாருங்கள். காலாவதியான அட்டையோடு சாலைச் சோதனையில் நிற்பதைப்போல் தலைவலி வேறில்லை.

தூதரகத்தில் உங்கள் பெயர், முகவரி, எண் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். அவசர எண்ணைப் போனில் மட்டுமல்ல, ஒரு சீட்டிலும் எழுதிப் பர்ஸில் வையுங்கள். போன் பறிபோனால் அந்தச் சீட்டுதான் உதவும்.

அடுத்தது போக்குவரத்து. இதில்தான் அதிகம் பேர் திண்டாடுகிறார்கள். 2014 உலகக் கோப்பை சாவ் பாவ்லோவில் ஜூன் 12 அன்று தொடங்கியது. அதற்கு ஒரு வாரம் முன்பு மெட்ரோ ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 2024 பாரிஸில் ஜூலை 26 அன்று தொடக்க விழா. அதற்கு எட்டு நாள் முன்னாலேயே சென் நதியோரத்தை அடைத்து, அங்கே குடியிருப்பவரும் வேலைக்குப் போகிறவரும் கியூஆர் அனுமதி காட்டித்தான் உள்ளே போக முடியும் என்றாக்கினார்கள். விழா நாள் அதிகாலையில் அதிவேக ரயில் தடங்களின் கேபிள்களுக்கு யாரோ தீ வைத்தார்கள். கார் து நோர் நிலையத்தில் பயணிகள் பெட்டி படுக்கையோடு தவித்தார்கள். நம்மவர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் அந்த நிலையத்துக்குப் பக்கத்தில்தான். உணவக அடுக்களைகளில் இரவு வேலை முடித்து வீடு திரும்பும் தமிழர்கள் எத்தனையோ பேர் அந்த வழியாகப் போகிறவர்கள். அனுமதிச் சீட்டு தேவை என்றால் விண்ணப்பம் திறந்த முதல் நாளே விண்ணப்பியுங்கள். முதலாளியின் கடிதம் கேட்பார்கள். ஷிப்டை மாற்ற முடியுமா என்று முன்கூட்டியே பேசுங்கள். அன்று காலை போன் பண்ணி வர முடியாது என்பதைவிட, பத்து நாள் முன்பு சாலை அடைப்பு அறிவிப்பைக் காட்டிக் கேட்பது எடுபடும். நடந்து வீடு வந்து சேர ஒரு வழியையும் ஒருமுறை நடந்து பார்த்து வையுங்கள்.

சாமான், மருந்து, கைச்செலவுக்குக் கொஞ்சம் ரொக்கம் ஆகியவை மூன்று நாளைக்கு இருந்தால் போதும். சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தை மட்டும் ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கும் முன்பே சொல்லி வையுங்கள். நம் டிவியில் ஒரே தெருவின் புகையைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். நாடே எரிகிற மாதிரி இருக்கும். "அம்மா, நாளைக்கு இங்கே விழா. ரோட்டை அடைப்பாங்க, போன் லைன் கிடைக்காது. நான் ரூம்லதான் இருப்பேன். ராத்திரி ஒன்பது மணிக்கு நானே மெசேஜ் போடறேன்" என்று சொல்லிவிட்டால் அவர்களும் நிம்மதியாக இருப்பார்கள், உங்கள் போன் பேட்டரியும் மிஞ்சும். கூட்டம் பெருகினால் அழைப்பு போகாது. சாதாரண எஸ்எம்எஸ் பெரும்பாலும் போய்விடும்.

அன்று வெளியே மாட்டிக்கொண்டால்

முடிந்தவரை வீட்டில் இருங்கள். வேலைக்குப் போகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு இது.

பையில் என்ன இருக்கிறது என்று கிளம்பும் முன் பாருங்கள். பிரேசிலில் 2013 ஜூனில் பஸ் கட்டணம் 3 ரியாலிலிருந்து 3.20 ஆனதை எதிர்த்துத் தொடங்கிய போராட்டம், கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை நேரத்தில் நாடெங்கும் பரவியது. கண்ணீர்ப்புகைக்கு நல்லது என்று பலர் வினிகர் கொண்டுபோனார்கள். சாவ் பாவ்லோவில் பையில் வினிகர் இருந்ததற்காக ஒரு பத்திரிகையாளரையே போலீஸ் பிடித்துப்போனது. முகமூடித் துணி, ஹெல்மெட், கத்தி, ஸ்பேனர், ஸ்ப்ரே டப்பா எதுவும் அன்று பையில் வேண்டாம். பிளம்பர், எலக்ட்ரீஷியன் வேலை செய்பவர்கள் டூல் பெட்டியை முதல் நாளே வேலையிடத்தில் விட்டுவிட்டு வாருங்கள். ஒரு பாட்டில் தண்ணீர், அடையாள அட்டை, போன் சார்ஜர் போதும்.

தூரத்தில் கோஷம் கேட்டால் எட்டிப் பார்க்கப் போகாதீர்கள். வந்த வழியே திரும்புங்கள். ஓட வேண்டாம், ஓடுகிறவரைத்தான் போலீஸ் துரத்தும். கடை, ஹோட்டல், ஆஸ்பத்திரி ஏதாவது திறந்திருந்தால் உள்ளே போய்விடுங்கள். கூட்டத்துக்குள்ளேயே சிக்கிவிட்டால் எதிர்த்துத் தள்ளாமல், கூட்டம் போகிற போக்கில் போய்க்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகருங்கள். இரு கைகளையும் மார்புக்கு முன்னால் மடக்கி வைத்தால் மூச்சுவிட இடம் இருக்கும். செருப்போ போனோ விழுந்தால் குனிந்து எடுக்காதீர்கள்.

கண்ணீர்ப்புகை வீசினால் காற்று வரும் திசையை நோக்கி நகருங்கள், முடிந்தால் மேடான இடத்துக்கு. கண்ணைத் தேய்க்கவே கூடாது. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று கண்ணாடி அணிந்து போவது நல்லது. வீட்டுக்கு வந்ததும் உடையைக் கழற்றித் தனியாகக் கட்டி வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் குளியுங்கள். மூச்சிரைப்பு அடங்கவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போலீஸ் நிறுத்தினால்

கை இரண்டும் தெரியும்படி நில்லுங்கள். பையிலோ சட்டைக்குள்ளோ திடீரென்று கை விடாதீர்கள். அட்டை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு எடுங்கள். வேலைக்குப் போகிறேன், வேலையிலிருந்து வருகிறேன் என்ற ஒரு வரி போதும். அந்த நாட்டு மொழியில் அந்த ஒரு வரியை முன்பே கற்று வையுங்கள். கம்பெனி அட்டை கழுத்தில் தொங்கினால் இன்னும் நல்லது. ஆர்ப்பாட்டத்தைப் பற்றி உங்கள் கருத்தைக் கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூட்டிப்போனால் எதிர்க்காமல் போங்கள். நிலையத்தில் ஒன்றை மட்டும் தெளிவாகவும் திரும்பத் திரும்பவும் கேளுங்கள்: என் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள். இது சலுகை இல்லை, உரிமை. 1963-ம் ஆண்டு வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 36-ம் பிரிவு, நீங்கள் கேட்டால் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும் என்கிறது. உலக நாடுகளில் ஏறத்தாழ எல்லாம் அதில் கையெழுத்திட்டவை. கேட்டால்தான் தெரிவிப்பார்கள் என்பதைக் கவனியுங்கள். பயந்து வாயை மூடிக்கொண்டால் தூதரகத்துக்குச் செய்தியே போகாது. புரியாத மொழியில் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். சிலர் சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான், போட்டுவிட்டுப் போ என்பார்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலமாக இருக்கலாம்.

அறை நண்பர் ஒருவர் ராத்திரி திரும்பவில்லை என்றால், கூட இருப்பவர்கள் கும்பலாகக் காவல் நிலையத்துக்குப் போகக் கூடாது. அதுவே இன்னொரு கூட்டமாகிவிடும். ஒருவர் மட்டும், முடிந்தால் கம்பெனிக்காக அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ.வை அழைத்துக்கொண்டு, அவருடைய பாஸ்போர்ட் நகலோடு போங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் தூதரகத்தை அழைக்கட்டும்.

விட்டுவிட்டால் வழக்கு இல்லை என்று எழுத்தில் ஏதாவது தருகிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். வளைகுடாவில் ஒரு பதிவு மூடப்படாமல் கிடந்து, அடுத்த வருடம் லீவுக்கு ஊர் கிளம்பும்போது விமான நிலையத்தில் பயணத்தடை என்று தெரியவந்தால் கஷ்டம். டிக்கெட் போடும் முன்பே போலீஸ் இணையதளத்திலோ பி.ஆர்.ஓ. மூலமோ சரிபாருங்கள்.

விழா முடிந்த பிறகும்

கொடிகளை இறக்கிய மறுநாளே எல்லாம் சரியாகிவிடாது. 2008-ல் பாரிஸில் ஜோதியை மறித்த கோபம் சீனாவில் வெளிப்பட்டது வேறொரு இடத்தில். கார்ஃபூர் பிரெஞ்சுக் கடை என்பதால், பல ஊர்களில் அதன் வாசலில் கூட்டம் கூடிப் புறக்கணிப்புக் கோஷம் போட்டது. பாரிஸில் நடந்ததற்கும் அந்தக் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருந்த சீனப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் கூட்டம் அவள் வாசலில்தான் நின்றது. அங்கே குடியிருந்த பிரெஞ்சுக்காரர்களும் சில வாரம் அடக்கி வாசிக்க வேண்டியிருந்தது. உங்கள் நாட்டின் பெயர் அந்த விழாச் செய்தியில் எந்த வகையிலாவது அடிபட்டிருந்தால், இரண்டு மூன்று வாரத்துக்கு நாட்டுக் கொடி போட்ட சட்டை, வண்டியில் ஸ்டிக்கர், டீக்கடையில் அந்தப் பேச்சு மூன்றையும் தள்ளி வையுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடமும் சாயங்காலம் விசாரியுங்கள். வகுப்பில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று. பெரியவர்கள் வெளியே காட்டாத கோபம் அங்கேதான் முதலில் வெளிவரும். அப்படி ஏதாவது நடந்திருந்தால் பிள்ளையைப் பதிலுக்குப் பதில் பேசச் சொல்லாமல், மறுநாளே நீங்கள் போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள்.